வளையத்தை உடைக்கும் பற்றீரியா: வாவிக்கரையில் கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பில் உயர்தர மாணவர்களுக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். ஆறு காபன் அணுக்கள் வளையமாகச் சேர்ந்த பென்சீன் பற்றிய பாடம் தொடங்கும் வாரத்தில், "இவ்வளவு உறுதியான வளையம் என்றால் இது உலகத்தில் குவிந்துபோகாதா, சேர்?" என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். குவியாமல் இருப்பதற்குப் பெரும் காரணம் பற்றீரியாவின் நொதியங்கள், அதாவது கலத்தில் இரசாயன மாற்றங்களை நடத்தும் புரதங்கள். அதைச் சொல்லத் தொடங்கினால் கேள்விகள் வகுப்போடு நிற்பதில்லை. பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்ல, வயல்காரரும் படகுக்காரரும் கராஜ் வைத்திருப்பவர்களும் கேட்கிறார்கள். அடிக்கடி வந்த கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

அரோமற்றிக் சேர்வை என்றால் மணமுள்ள பொருளா?

பெயர் அப்படித்தான் வந்தது. கறுவா, கராம்பு, வனிலா, சாம்பிராணி என்று வாசம் வீசும் பொருட்களில் இருந்து பிரித்தெடுத்தவற்றை ஒரு கூட்டமாக வைத்து அந்தப் பெயரைச் சூட்டினார்கள். பென்சீன் என்ற சொல்லே சாம்பிராணியின் வழி வந்தது. ஜாவாப் பக்கத்துச் சாம்பிராணியை அரபு வியாபாரிகள் "லுபான் ஜாவி" என்றார்கள். அது ஐரோப்பாவுக்குப் போய் வாய்க்கு வாய் தேய்ந்து "பென்சோயின்" ஆனது. 1825 இல் மைக்கேல் பரடே பென்சீனை முதலில் பிரித்தெடுத்தார். சில ஆண்டுகள் கழித்து ஜேர்மனியில் மிட்சர்லிக், சாம்பிராணியில் இருந்து கிடைக்கும் பென்சோயிக் அமிலத்தைச் சுண்ணாம்போடு சூடாக்கி அதே பொருளைப் பெற்றார். பெயர் அங்கே ஒட்டிக்கொண்டது.

இன்று அந்தச் சொல்லுக்கும் மூக்குக்கும் தொடர்பில்லை. ஆறு காபன் அணுக்கள் சேர்ந்த தட்டையான வளையம், அதன் மேலும் கீழும் பொதுச்சொத்தாக ஓடித்திரியும் இலத்திரன்கள்: இந்த அமைப்பு இருந்தால் அது அரோமற்றிக். மஞ்சளின் நிறப்பொருளில் இது இருக்கிறது. மண்ணெண்ணெயில் இருக்கிறது. அலுமாரியில் போடும் நப்தலீன் உருண்டையில் இருக்கிறது. உங்கள் உடம்பின் புரதங்களிலும் இருக்கிறது.

வளையத்தை உடைப்பது ஏன் அவ்வளவு கஷ்டம்?

ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரேயொரு இரட்டைப் பிணைப்பு உள்ள சைக்ளோஹெக்சீனுக்கு ஐதரசனைச் சேர்த்தால் மூலுக்கு 120 கிலோயூல் அளவில் வெப்பம் வெளிவரும். பென்சீனில் மூன்று இரட்டைப் பிணைப்பு இருப்பதாக வைத்தால் 360 வரவேண்டும். வருவதோ 208. மிச்சம் 152 கிலோயூல் எங்கே? பென்சீன் ஏற்கனவே அந்த அளவுக்குத் தாழ்ந்து, அமைதியாக இருக்கிறது. அந்த அமைதியைக் குலைக்க வேண்டுமென்றால் யாரோ ஒருவர் முதலில் செலவழித்தாக வேண்டும்.

சரி, பற்றீரியா எப்படித்தான் உடைக்கிறது?

எடுத்த எடுப்பில் வெட்டுவதில்லை. முதலில் வளையத்தைத் தயார்படுத்துகிறது, பிறகுதான் வெட்டுகிறது. முழு விஷயமும் இந்த ஒழுங்கில்தான் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன்.

முதல் வேலைக்கு வருவது டைஒட்சிசனேஸ் என்ற நொதியம். காற்றில் உள்ள ஒட்சிசன் மூலக்கூறு ஒன்றைப் பிடித்து, அதன் இரண்டு அணுக்களையும் வளையத்தில் பக்கத்துப் பக்கத்துக் காபன்கள் இரண்டில் ஒரே முகத்தில் வைக்கிறது. சூடோமோனாஸ் புட்டிடா என்ற மண் பற்றீரியாவில் இப்படித்தான் நடக்கிறது என்பதை டேவிட் கிப்சன் 1960களின் பிற்பகுதியில் காட்டினார். இப்படி வந்த இரண்டு ஐதரொட்சில் கூட்டங்களும் (ஒட்சிசனும் ஐதரசனும் சேர்ந்த சோடிகள்) ஒரே பக்கம் பார்த்து நிற்கும். அந்த நிமிடத்தில் வளையத்தின் அமைதி குலைந்துவிட்டது.

இதற்கு நொதியத்தின் நடுவில் ஓர் இரும்பு அணு வேண்டும். ஒட்சிசன் எல்லாவற்றையும் எரிக்கும் பொருள் என்று நினைக்கிறோம். ஆனால் சாதாரண வெப்பநிலையில் அது சேதனப் பொருட்களோடு இலகுவில் சேராது. சேருமென்றால் நாமெல்லாம் காற்றில் நின்றபடியே எரிந்துபோயிருப்போம். அதன் இலத்திரன் அமைப்பே அதற்குத் தடை. இரும்பு இலத்திரன்களை ஒவ்வொன்றாகக் கொடுத்து அந்தத் தடையைத் தாண்டவைக்கிறது.

அந்த இலத்திரன்கள் எங்கிருந்து வருகின்றன? பற்றீரியா தன் கையிருப்பில் உள்ள என்ஏடிஎச் மூலக்கூறு ஒன்றைச் செலவழிக்கிறது. பட்டினியில் இருக்கும் ஒரு கலத்துக்கு அது பெரிய காசு. ஆனால் அடுத்த படியில் இன்னொரு நொதியம் வளையத்தில் இருந்து இரண்டு ஐதரசனை எடுக்கும்போது அதே என்ஏடிஎச் ஒன்று திரும்பக் கிடைத்துவிடுகிறது. கைமாற்றாகக் கொடுத்து உடனே திருப்பி வாங்குவது மாதிரி. இந்த இடத்தைப் படிப்பிக்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் சந்தோஷமாக இருக்கும்.

இப்போது கையில் இருப்பது கற்றக்கோல் என்ற பொருள். வளையம் மறுபடி அரோமற்றிக் ஆகிவிட்டது. "அப்படியென்றால் திரும்பத் தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டோமே?" என்று கேட்பீர்கள். இல்லை. பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு ஐதரொட்சில்களும் இரும்பைப் பிடித்துக்கொள்ளும் இரண்டு கைகள். வெட்டும் நொதியம் அந்தக் கைகளைப் பிடித்துத்தான் வளையத்தைத் தன் குழிக்குள் உட்காரவைக்கிறது.

வெட்டுவதற்கு இரண்டு வழி. இரண்டு ஐதரொட்சிலுக்கும் நடுவே உள்ள பிணைப்பை வெட்டினால் அது ஓதோ வெட்டு. அதற்கு வெளியே, பக்கத்துப் பிணைப்பை வெட்டினால் மெற்றா வெட்டு. முதலாவதைச் செய்யும் நொதியத்தில் இரும்பு மூன்று நேரேற்றத்தோடு இருக்கும், இரண்டாவதில் இரண்டு நேரேற்றத்தோடு இருக்கும். ஒரே மூலகம், ஓர் இலத்திரன்தான் வித்தியாசம், அதற்கே வெட்டும் இடம் மாறிவிடுகிறது.

வளையம் திறந்துவிட்டால் மிச்சம் சுலபம். நீண்ட சங்கிலி துண்டுதுண்டாகிப் பைருவேற்று, சக்சினேற்று போன்ற பொருட்களாகிறது. சோறு தின்றபின் நம் கலங்களுக்குள் சக்தி எடுக்க ஓடும் அதே கிரெப்ஸ் வட்டத்துக்குள் அவையும் போய்ச் சேருகின்றன. கடைசியில் காபனீரொட்சைட்டு, நீர், இன்னும் கொஞ்சம் பற்றீரியா.

ஒட்சிசன் காற்றில் இருந்துதான் வருகிறது என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

ஒசாமு ஹயாய்ஷி என்ற யப்பானிய விஞ்ஞானி 1955 இல் வெளியிட்ட ஆய்வு அது. உயிர்களில் ஒட்சியேற்றம் என்றால் ஐதரசனை எடுப்பதுதான், ஒட்சிசன் கடைசியில் இலத்திரனை வாங்கிக்கொள்ள மட்டும் நிற்கிறது என்று அக்காலத்தில் பலர் நம்பினார்கள். ஹயாய்ஷி கற்றக்கோலை வெட்டும் நொதியத்துக்குச் சாதாரண ஒட்சிசனுக்குப் பதிலாகத் திணிவெண் 18 உள்ள பாரமான ஒட்சிசனைக் கொடுத்தார். வெட்டுண்ட பொருளில் அந்தப் பாரமான அணுக்கள் இரண்டும் இருந்தன. தண்ணீருக்குப் பாரமான ஒட்சிசனைக் கொடுத்தபோது அது பொருளில் ஏறவில்லை. ஒட்சிசனேஸ் என்ற நொதியக் கூட்டத்துக்கே அந்தச் சோதனைதான் ஆரம்பம். எளிமையான கேள்வி, எளிமையான சோதனை. என் மாணவர்களுக்கு இதை விட நல்ல உதாரணம் காட்ட எனக்குத் தெரியாது.

இதைக் கண்ணால் பார்க்க முடியுமா?

பார்த்திருக்கிறேன். படிக்கிற காலத்தில், ஒயில் சிந்திக் கறுத்துப்போன ஒரு கராஜ் மண்ணில் ஒரு கரண்டி எடுத்துவந்தோம். உப்புகள் மட்டும் கலந்த ஏகர்க் கூழ் நிரப்பிய தட்டில் அதன் கரைசலைத் தடவினோம். சீனி, மாச்சத்து ஒன்றும் போடவில்லை. தட்டைக் கவிழ்த்து, மூடியின் உட்பக்கம் நப்தலீன் பளிங்கு சிலதை வைத்தோம். அந்தப் பளிங்கில் இருந்து வரும் ஆவி ஒன்றுதான் சாப்பாடு. மூன்று நாள் ஒன்றும் இல்லை. ஐந்தாம் நாள் ஊசிமுனை அளவில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன.

அதில் ஒரு தட்டின் மேல் கற்றக்கோல் கரைசலை மெல்லியதாக விசிறினோம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே சில புள்ளிகள் எலுமிச்சை மஞ்சளாக மாறின, சில வெள்ளையாகவே நின்றன. மெற்றா வெட்டில் பிறக்கும் பொருளுக்கு அந்த மஞ்சள் நிறம் உண்டு, ஓதோ வெட்டில் பிறப்பதற்கு நிறமில்லை. மஞ்சளான புள்ளிகளுக்குள் வளையம் அந்த நிமிடமே வெட்டுண்டுகொண்டிருந்தது. கற்றக்கோல் தோலையும் கண்ணையும் தாக்கும் பொருள், ஆகவே இதை வீட்டில் செய்ய வேண்டாம்.

நம்முடைய உடம்பு இதைச் செய்யாதா?

பென்சீனைப் பொறுத்தவரை இந்த வழியில் செய்யாது. நம் ஈரலில் உள்ள நொதியம் ஒட்சிசனின் ஓர் அணுவை மட்டும் வளையத்தில் வைக்கிறது. மற்ற அணு தண்ணீராகிவிடும். அந்த ஓரணு வைப்பில் பிறக்கும் இபொட்சைட்டு மிகவும் துடிப்பான பொருள். விறகுப் புகையிலும் சிகரெட்டுப் புகையிலும் உள்ள ஐந்து வளைய பென்சோபைரீனை ஈரல் இப்படிக் கரைத்து வெளியேற்றப் பார்க்கும்போதுதான், அது டிஎன்ஏயில் போய் ஒட்டிப் புற்றுநோய்க்கு வழி திறக்கிறது. பற்றீரியா வளையத்தைச் சாப்பாடாகப் பார்க்கிறது, நம் ஈரல் அதைக் குப்பையாகப் பார்க்கிறது. இரண்டு அணுவுக்கும் ஓரணுவுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் அவ்வளவு பெரியது.

ஆனால் வளையம் வெட்டும் நொதியம் நமக்கு அடியோடு இல்லை என்று நினைக்காதீர்கள். தைரோசின் என்ற அமினோ அமிலத்தை உடைக்கும் வழியில் ஓர் இடத்தில் நாமும் வளையத்தைத் திறக்கிறோம். அதற்கும் இரும்புதான், ஒட்சிசன்தான். அந்த நொதியம் பிறப்பிலேயே வேலை செய்யாதவர்களின் சிறுநீர் காற்றுப்பட்டதும் கறுத்துவிடும். அல்கப்டோனூரியா என்ற இந்த நிலை பரம்பரையாக வருகிறது என்று ஆர்ச்சிபோல்ட் கரட் என்ற வைத்தியர் 1902 இல் எழுதினார்.

"தம்பி, புல்லுக்கு அடிக்கிற மருந்தெல்லாம் மண்ணிலேயே கிடக்குமா?"

அக்கரைப்பற்றுப் பக்கம் வெள்ளாமை செய்யும் பெரியவர் ஒருவர் கேட்டது. மருந்துக்கு மருந்து பதில் மாறும்.

கோரைக்கும் அகன்ற இலைக் களைக்கும் அடிக்கும் எம்சிபிஏயை எடுங்கள். ஒரு வளையம், அதில் ஒரு குளோரின், பக்கத்தில் ஒரு வால். பற்றீரியா முதலில் வாலை வெட்டுகிறது, பிறகு இன்னோர் ஐதரொட்சிலைச் சேர்த்துக் குளோரின் உள்ள கற்றக்கோலாக்குகிறது, பிறகு வளையத்தைத் திறக்கிறது. குளோரின் அதற்குப் பிறகுதான் கழன்று விழும். காற்றோட்டமுள்ள மண்ணில் இது சில வாரங்களில் முடிந்துவிடும். இதன் நெருங்கிய உறவான 2,4-டீயைப் பற்றி லண்டனில் ஓடஸ் என்ற தாவரவியலாளர் 1949 இல் ஒன்றைக் கவனித்தார்: முதல் முறை ஊற்றியபோது மண் பல நாள் சும்மா இருந்தது, பிறகுதான் மருந்து மறையத் தொடங்கியது. அதே மண்ணில் மறுபடி ஊற்றினால் காத்திருப்பே இல்லை, உடனே மறைந்தது. அதை உண்ணக்கூடிய பற்றீரியா பெருகி நின்றுவிட்டது.

புரோப்பனில் என்ற களைகொல்லி வேறு கதை. அதன் வாலை நெற்பயிரே தன் நொதியத்தால் வெட்டிவிடும். புல்லுக்கு அந்த நொதியம் போதாது, அதனால் புல் சாகிறது, நெல் பிழைக்கிறது. ஆனால் மிஞ்சும் துண்டில் இரண்டு குளோரின் உண்டு. அது மண்ணின் மக்கோடு ஒட்டிக்கொண்டு நெடுநாள் கிடக்கும். மருந்து மறைந்துவிட்டது என்று சோதனை சொல்லும்போது வளையம் இன்னும் அங்கேயே இருக்கலாம். இதை நான் வயல்காரரிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: மருந்தின் பெயர் போவது வேறு, வளையம் உடைவது வேறு.

1946 முதல் மலேரியாவுக்காக வீட்டுச் சுவர்களில் அடித்த டீடீடீயும் அப்படித்தான். கொஞ்சம் உருமாறும், ஆனால் அந்த மாறிய உருவமே பல ஆண்டு நின்றுவிடும்.

வயலில் தண்ணீர் நிற்கும்போது ஒட்சிசன் எங்கே இருந்து கிடைக்கும்?

நல்ல கேள்வி. தண்ணீர் கட்டிய வயலில் மேல்மண்ணில் சில மில்லிமீற்றர் மட்டுமே ஒட்சிசன் இருக்கும். அதற்குக் கீழே இல்லை, ஓர் இடத்தைத் தவிர. நாற்று ஒன்றைப் பிடுங்கி வேரை வாய்க்கால் தண்ணீரில் அலசிப் பாருங்கள். வேரைச் சுற்றி துரு நிறத்தில் ஒரு படலம் தெரியும். நெல் இலை வழியாகக் காற்றை உள்ளே இறக்கி வேரால் கசியவிடுகிறது. அந்த ஒட்சிசன் பட்டு மண்ணின் இரும்பு துருப்பிடித்துப் படிந்ததுதான் அந்தச் செந்நிறம். அந்தப் படலம் இருக்கும் இடத்தில் டைஒட்சிசனேஸுக்கும் வேலை உண்டு. கறுத்த சேற்றின் நடுவே ஒவ்வொரு வேரும் ஒரு மெல்லிய காற்றுக் குழாய்.

அப்படியென்றால் வாவியின் அடிச்சேற்றில் ஒன்றும் உடையாதா?

உடையும், ஆனால் வேறு முறையில், மிக மெதுவாக. பாலமீன்மடு முகத்துவாரத்தில் இருந்து தெற்கே 50 கிலோமீற்றருக்கும் மேல் நீளும் இந்த வாவியில், கண்டல் காட்டோரம் காலை வைத்தால் முழங்கால் வரை இறங்கும் கறுப்புச் சேறு தெரியும்தானே? அங்கே ஒட்சிசன் இல்லை. ஒட்சிசனை வைத்து வெட்டும் நொதியங்கள் எல்லாம் அங்கே கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

அங்குள்ள பற்றீரியா நைத்திரேற்று, இரும்பு, சல்பேற்று போன்றவற்றை வைத்துச் சுவாசிக்கிறது. வளையத்தில் ஒரு பக்கக் கை கொண்ட தொலுயீன் வந்தால் அந்தக் கையில் பியூமரேற்று என்ற சிறு மூலக்கூறை ஒட்டவைத்து வேலையைத் தொடங்குகிறது. பலவகை வளையங்களும் கடைசியில் பென்சோயில் துணைநொதியம் ஏ என்ற ஒரே உருவத்துக்கு வந்து சேரும். அதற்குப் பிறகு நடப்பதுதான் அதிசயம்: வளையத்துக்குள் இலத்திரன்களை வலுக்கட்டாயமாகத் தள்ளுகிறது. ஆய்வுகூடத்தில் இதே வேலையைச் செய்யத் திரவ அமோனியாவில் சோடியம் உலோகத்தைக் கரைக்க வேண்டும். தவேரா அரோமற்றிக்கா என்ற பற்றீரியா ஒவ்வோர் இரண்டு இலத்திரனுக்கும் கலத்தின் சக்திக் காசான ஏடிபியில் இரண்டைச் செலவழித்து அதைச் சாதாரண தண்ணீரில் செய்கிறது. ஏடிபி செலவழிக்க வசதியில்லாத வேறு சில பற்றீரியா டங்ஸ்டன் உள்ள இன்னொரு நொதியத்தால் செய்கின்றன. பழைய மின்குமிழின் இழையில் இருந்த அதே டங்ஸ்டன்.

ஆனாலும் இது வாரக்கணக்கு வேலை அல்ல. சேற்றுக்குள் புதைந்த எண்ணெய் ஆண்டுக்கணக்கில் கிடக்கலாம். வாவிக்கரையில் மண் போட்டு நிரப்பும்போது கழிவையும் சேர்த்துப் புதைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. கண்ணுக்கு மறைகிறது, அவ்வளவுதான். ஒட்சிசன் கிடைக்காத இடத்தில் அதைப் பத்திரப்படுத்தி வைத்ததாகத்தான் அர்த்தம்.

பற்றீரியாவுக்கு இந்த நொதியம் எப்படி வந்தது? மண்ணெண்ணெய் வந்து எத்தனை வருடம்?

மண்ணெண்ணெய்க்காக வந்ததல்ல. மரத்துக்கும் வைக்கோலுக்கும் விறைப்பைக் கொடுக்கும் லிக்னின் முழுக்க முழுக்க அரோமற்றிக் வளையங்களால் கட்டப்பட்டது. தரையில் தாவரம் நிமிர்ந்து நிற்கத் தொடங்கிய காலத்தில் இருந்தே அது மண்ணில் விழுந்துகொண்டிருக்கிறது. அந்த நீண்ட பழக்கம்தான் இன்று பெற்றோலுக்கும் களைகொல்லிக்கும் கைகொடுக்கிறது.

வைக்கோலில் பத்துக்கு ஒரு பங்கு அல்லது கொஞ்சம் கூட லிக்னின். கடதாசி செய்ய அதை நீக்கியாக வேண்டும். 1950களில் வாழைச்சேனையில் தொடங்கிய காகித ஆலை நம் வயல்களின் வைக்கோலைத்தான் மூலப்பொருளாக எடுத்தது. ஆலைகளில் காரம் ஊற்றி அவித்துச் செய்யும் வேலையை மண்ணில் முதலில் வெண்ணழுகல் பூஞ்சணங்கள் செய்கின்றன, அவை உதிர்த்த துண்டுகளைப் பற்றீரியா எடுத்துக்கொள்கிறது. வைக்கோல் பையில் வளர்க்கும் சிப்பிக் காளான் அந்தப் பூஞ்சணக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான்.

மெசின் வெட்டு முடிந்ததும் அம்பாறை வயல்களில் வைக்கோலைக் கொளுத்துவதைப் பார்க்கிறோம். இரண்டு மூன்று மாதத்தில் நொதியங்கள் மக்காக்கித் தரக்கூடிய வளையங்களை, பத்து நிமிட நெருப்பில் பல வளையங்கள் ஒட்டிய புகையாக்கி நம் மூச்சுக்குள் அனுப்புகிறோம். வயல்காரருக்கு அடுத்த போகத்துக்கு நேரமில்லை என்பது எனக்கும் தெரியும். என்றாலும் ஒரு மூலையிலாவது குவித்து நனைத்து வைத்துப் பாருங்கள் என்று கேட்கிறேன்.

பொச்சுமட்டை ஊறவைத்த தண்ணீர் ஏன் தேத்தண்ணி நிறத்தில் இருக்கிறது?

மட்டையில் இருந்து கரைந்துவரும் பல்பீனோல்கள். அவையும் அரோமற்றிக்தான். மாதக்கணக்கில் ஊறும்போது தும்புகளை ஒட்டவைத்திருக்கும் பெக்ரினைப் பற்றீரியா கரைத்துவிடும், லிக்னின் நிறைந்த தும்பு தப்பிவிடும். அதனால்தான் கயிறு திரிக்க முடிகிறது. பருத்தி வலை இருந்த காலத்தில் கண்டல் பட்டையை அவித்து வலைக்குச் சாயம் ஏற்றியதும் இதே காரணத்துக்காக. பட்டையின் தனின் பற்றீரியாவின் நொதியங்களை முடக்கும், வலை அழுகாமல் நிற்கும்.

2020 இல் நம் கடலில் எரிந்த எண்ணெய்க் கப்பல் உடைந்திருந்தால் பற்றீரியா சுத்தம் செய்திருக்குமா?

2020 செப்டம்பர் 3 அன்று நியூ டயமண்ட் என்ற கப்பல், ஏறத்தாழ 270,000 தொன் மசகு எண்ணெயோடு, அம்பாறை மாவட்டத்தின் சங்கமன்கண்டிக்கு நேரே ஆழ்கடலில் தீப்பிடித்தது. கப்பலாளி ஒருவர் இறந்தார். சரக்கு எண்ணெய் கடலில் கொட்டவில்லை. கப்பலின் சொந்த எரிபொருளில் கொஞ்சம் கசிந்தது.

கொட்டியிருந்தால்? கடலிலும் வளையம் உண்ணும் பற்றீரியா உண்டு. சைக்ளோகிளாஸ்டிக்கஸ் என்ற இனத்துக்கு அரோமற்றிக் வளையங்கள்தான் பிரதான சாப்பாடு. 2010 இல் மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு வெடித்தபோது ஆழ்நீரில் அது பெருகியதைக் கண்டார்கள். நம் கடலின் சூடும் அலையும் வேலையை வேகப்படுத்தும். ஆனால் எண்ணெயில் காபன் மட்டும்தான் தாராளம். கலம் பெருக நைதரசனும் பொசுபரசும் வேண்டும், திறந்த கடலில் அவை அரிது. 1989 இல் அலாஸ்காவில் எக்சொன் வல்டேஸ் கப்பல் கொட்டிய எண்ணெய் படிந்த கரைகளுக்கு அதனால்தான் பசளை விசிறினார்கள். இரண்டு வளையமுள்ள நப்தலீன் விரைவில் போய்விடும், நான்கு ஐந்து வளையம் உள்ளவை தாரில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். பொத்துவிலில் இருந்து கல்முனை வரை கரைவலை இழுப்பவர்கள் அதுவரை எதைச் சாப்பிடுவது? பற்றீரியா சுத்தம் செய்யும், ஆனால் மனிதருடைய கால அட்டவணைப்படி செய்யாது.

கராஜ் கழிவு ஒயிலை நிலத்தில் ஊற்றலாமா, பற்றீரியா தின்றுவிடும்தானே?

காத்தான்குடியில் கராஜ் வைத்திருக்கும் காக்கா (அண்ணன்) ஒருவர் கேட்டார். கூடாது, காக்கா. பாவித்த எஞ்சின் ஒயிலில் பல வளையச் சேர்வைகளோடு உலோகங்களும் சேர்ந்திருக்கும். உலோகத்தை எந்த நொதியமும் உடைக்காது. நம் ஊர் மணல் மண், கிணறு பத்து இருபது அடியில்.

பெற்றோல் சிந்துவது இன்னும் மோசம். குடிதண்ணீரில் பென்சீன் லீற்றருக்கு 10 மைக்குரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். பெற்றோலில் நூற்றில் ஒரு பங்கு பென்சீன் என்று வைத்தால், ஒரு லீற்றர் பெற்றோலில் உள்ள பென்சீன் 8 இலட்சம் லீற்றருக்கும் மேற்பட்ட தண்ணீரை அந்த எல்லைக்குக் கொண்டுவரப் போதும். கழிவு ஒயிலைப் பீப்பாவில் சேர்த்து, எடுப்பவர்களிடம் கொடுங்கள்.

போத்தலில் விற்கும் "எண்ணெய் தின்னும் பற்றீரியா" வாங்கலாமா?

பெரும்பாலும் தேவையில்லை என்பதுதான் என் எண்ணம். எண்ணெய் பட்ட மண்ணில் அதை உண்ணும் பற்றீரியா ஏற்கனவே இருக்கும். அவற்றுக்குக் குறைவது காற்று, ஈரம், பசளை. மண்ணைக் கிளறி, நனைத்து, கொஞ்சம் யூரியாவும் பொசுபேற்றும் கொடுத்தால் உள்ளூர்க்காரரே வேலையைப் பார்ப்பார்கள். வெளியில் இருந்து வந்ததற்கு நம் உப்பும் வெயிலும் பழக்கமில்லை.

மேற்கு வங்காளத்தில் பிறந்த ஆனந்த மோகன் சக்ரவர்த்தி, அமெரிக்காவில் மரபணு சுமக்கும் சிறு டிஎன்ஏ துண்டுகளான பிளாஸ்மிட்டுகள் பலவற்றை ஒரே சூடோமோனாஸுக்குள் சேர்த்து எண்ணெய் தின்னும் பற்றீரியா ஒன்றை உருவாக்கினார். உயிருள்ள ஒன்றுக்குக் காப்புரிமை கொடுக்கலாம் என்று 1980 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது அந்தப் பற்றீரியாவின் வழக்கில்தான். சட்டத்தையே மாற்றிய அந்தப் பற்றீரியா எண்ணெய் கொட்டிய கடலில் இறக்கப்படவில்லை.

இந்த நொதியங்களால் வேறு பயன் உண்டா?

நிறைய. எனக்குப் பிடித்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். 1983 இல் நப்தலீனை உடைக்கும் நொதியத்தின் மரபணுவை ஈகோலை பற்றீரியாவுக்குள் வைத்தார்கள். அடுத்து பார்த்தால் தட்டு நீலம்! ஈகோலை தானாகவே இன்டோல் என்ற பொருளைச் செய்யும். புதிதாக வந்த நொதியம் அதிலும் ஒட்சிசனை வைக்க, காற்றுப்பட்டு அது நீலச் சாயமானது. நம்மவர்கள் அவுரிச் செடியில் இருந்து எடுத்த அதே நீலம்.

வீட்டில் செய்து பார்க்கக் கூடியது ஏதாவது உண்டா, சேர்?

உண்டு. இரண்டு ஜாம் போத்தல், வாவிக்கரைச் சேறு, ஒரு பிடி வைக்கோல். வைக்கோலை விரல் நீளத்துக்கு வெட்டிப் பாதிப் பாதியாக்குங்கள். முதல் போத்தலில் சேற்றுக்குள் வைக்கோலைப் புதைத்து, மேலே நான்கு விரல் தண்ணீர் ஊற்றி, மூடியை இறுக்காமல் சும்மா வைத்துவிடுங்கள். இறுக்கினால் உள்ளே சேரும் வாயு போத்தலை வெடிக்கவைக்கும். இரண்டாவதில் அரைவாசிக்குச் சேறும் தோட்டத்து மண்ணும் கலந்து, வைக்கோலைச் சேர்த்து, பிழிந்தால் சொட்டாத அளவுக்கு மட்டும் ஈரமாக வையுங்கள். வாய்க்குத் துணி கட்டி வாரம் ஒருமுறை குச்சியால் கிளறுங்கள். நிழலில் மூன்று மாதம்.

முதல் போத்தலின் சேறு சில வாரங்களிலேயே மையாகக் கறுக்கும். மூன்று மாதம் கழித்து வைக்கோலை எடுத்துக் கழுவினால் பெரும்பாலும் முழுசாக, கணு தெரிய இருக்கும். இரண்டாவதில் உள்ளது பழுப்பாகி, விரலால் நசுக்கினால் பொடியும். இரண்டையும் ஒரு வெள்ளைத் தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு வகுப்புக்கு வாருங்கள். முதல் போத்தலை முற்றத்தில் வைத்துத் திறவுங்கள், முகத்தைத் தள்ளியே வைத்துக்கொள்ளுங்கள், கூழ்முட்டை மணம் வீசும். பிறகு கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.